விதை எண் 3187

அத்தியாயம் 6

விசாரணைக் கூட்டம் நான்கு மணிக்கு. இப்போது ஒன்று பத்து.

"மூணு மணி நேரத்துல ஒரு பொண்ணோட டிகிரியைக் காப்பாத்தணும்," என்றான் வால், படியேறிக்கொண்டே. "லிஃப்ட்டையே காப்பாத்த முடியாத கட்டடத்துல."

லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

தசமம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாவது மாடிக்காக மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருப்பதைப் பார்த்து ஒரு கிடங்கு தானாக எரியவில்லை என்று கண்டுபிடித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் உதிரவில்லை. அவருடைய உதவியாளன் வாலுக்குப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டது. முப்பத்தைந்து வயதாகியும் அதற்கான தகுதியை அவன் இழக்கவில்லை.

படிக்கட்டு முடியும் இடத்தில் சாவிக்கொத்தோடு ஒருவர் நின்றிருந்தார். நேற்று அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "என் பொண்ணு பண்ணலைன்னு நிரூபிச்சுக் குடுங்க. அது போதும்" என்று மட்டும் சொன்னவர். இந்தக் கட்டடத்தில் சிஸ்டம் ரூம் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடமாக அவர் சாவி போட்டால்தான் இங்கே மெஷின்கள் கண் திறக்கும். மகள் அதே மாடியில் ஆராய்ச்சி மாணவி.

"வாங்கம்மா. பாப்பா உள்ளதான் இருக்கா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"நீங்க?" என்றார் தசமம்.

"சாப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

ஆய்வகத்தில் ஆறு மேஜைகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆள். கடைசி மேஜையில், மடிக்கணினிக்குப் பின்னால், மாணவி உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவள் போல உடனே உட்கார்ந்தாள்.

"நடந்ததை ஒரு தடவை சொல்லும்மா," என்றார் தசமம். "வால் முன்னாடி சொல்றியா, அவனை வெளியே அனுப்பட்டுமா?"

"அனுப்பினாலும் கதவுல காது வெப்பேன்," என்றான் வால். "நேர்ல கேக்கறதுதான் மரியாதை."

அவள் சொன்னாள். கடலோரத்தில் ஒரு தடுப்புச்சுவர் கட்டுவதாக இருந்தது. எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டு இந்த ஆய்வகத்துக்கு எழுதினார்கள். கணினிக்குள் ஆயிரம் புயல்களை ஓட்டினாள். காற்றும் அலையும் அழுத்தமும் எண்களாக நிரம்பிய ஆயிரம் கோப்புகள். அவற்றைப் படித்து, ஒவ்வொரு புயலிலும் நீர் எவ்வளவு உயரம் எழும்பியது என்று பட்டியல் போட, பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள்.

"பைத்தான்னா மலைப்பாம்பு. கடிக்காதே?" என்றான் வால்.

"கடிக்காது. சுத்திக்கிட்டு நெருக்கும்," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அறிக்கை போனது. அதிகபட்ச உயரம் 4.1 மீட்டர். சுவர் 4.5 மீட்டரில் எழும்பியது. போன மாதம் நிஜமாகவே ஒரு புயல் வந்தது. நீர் ஐந்து மீட்டரைத் தாண்டியது. சுவருக்குப் பின்னால் பம்ப் ஹவுஸில் ட்யூட்டியில் இருந்தவர் வெளியே வரவில்லை.

"அப்புறம் என் ஆயிரம் கோப்பையும் எடுத்துப் பாத்தாங்க மேடம். முப்பத்தாறு புயல்ல தண்ணி நாலரையைத் தாண்டுது. என் அறிக்கையில அந்த முப்பத்தாறுல ஒண்ணு கூட இல்ல."

"ஏன் இல்ல?"

"அறிக்கைப் படிவத்துல இருநூறு வரிசைதான் இருக்கு. கம்ப்யூட்டரெல்லாம் மெதுவா இருந்த காலத்துல போட்ட படிவம். இருநூறு புயல் ஓட்டினா போதும்னு இருந்தது. நான் கூடுதலா, மொத்தம் ஆயிரம் ஓட்டினேன். அதுல இருநூறை எடுத்துப் படிவத்துல போட்டோம்."

வால் கன்னத்தில் கை வைத்தான். "சுவரோட உயரத்தைக் கடல் முடிவு பண்ணல. கோடு போட்ட ஸ்டேஷனரிக்காரன் முடிவு பண்ணியிருக்கான்."

"அந்த இருநூறைப் பொறுக்கினது யாரு?" என்றார் தசமம்.

"ஸ்கிரிப்ட். குலுக்கல் முறையில. நானே பொறுக்கினா பாரபட்சம்னு சொல்லுவாங்க."

"கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியுமா?"

"தெரியாது. குலுக்கற மாதிரி நடிக்கும். அதுக்கு ஒரு நம்பர் குடுக்கணும். விதை எண்ணுன்னு சொல்லுவோம். அங்கேர்ந்து ஆரம்பிச்சுத் தாறுமாறா எடுக்கும். ஆனா அதே நம்பரைத் திரும்பக் குடுத்தா அதே தாறுமாறு திரும்ப வரும். அப்பதான் இன்னொருத்தர் சரிபாக்க முடியும்."

"ஆக, பழகின திருடன் மாதிரி," என்றான் வால். "எப்ப விட்டாலும் அதே வீட்டுக்குள்ளதான் போவான்."

"விசாரணைக் கமிட்டி என்ன சொல்லுது?"

"தற்செயலா விட்டுப்போச்சுன்னா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. வேணும்னே விட்டதுன்னா டிகிரி கிடையாது. போலீஸ்." அவள் விரல் நகத்தைப் பார்த்தாள். "அஞ்சு வருஷம் மேடம். தீசிஸ் எழுதி முடிச்சுட்டேன். என் கைடு புரொபசர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

தசமம் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். இருநூறு வரிசை. கடைசிப் பக்கத்தின் அடியில், ஸ்கிரிப்ட் தானே அச்சிட்ட ஒரு சின்ன வரி: விதை எண் 3187.

"இது உன் நம்பரா?"

"இல்ல. நான் எப்பவும் பதினொண்ணு போடுவேன். ஸ்கூலுக்குப் போன பஸ்."

"அப்போ?"

அவள் இழுப்பறையைத் திறந்து மூன்று துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்தாள். ஒரே கையெழுத்து. பச்சை மை. மூன்றிலும் ஒரே வாசகம்: 'சரியில்லை. வேறு விதை போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கவும்.'

"பதினொண்ணுல அஞ்சு புள்ளி ரெண்டு வந்தது. புரொபசர் திருப்பி அனுப்பினார். பன்னெண்டு போட்டேன். அஞ்சு புள்ளி மூணு. திருப்பி அனுப்பினார். பதிமூணும் அப்படித்தான். அப்புறம் எனக்குக் காய்ச்சல். பத்து நாள் படுத்துட்டேன். வந்து பாத்தா நாலு புள்ளி ஒண்ணுன்னு அறிக்கை போயிருக்கு. அவர் கையெழுத்தோட."

"ஓட்டினது யாருன்னு கேக்கலையா?"

"ஓட்டறது சிஸ்டம் ரூம் சர்வர்ல. யார் வேணா லாகின் பண்ணலாம். பாஸ்வேர்டைக் கதவுலயே ஒட்டி வெச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கேக்கல மேடம். நாலு புள்ளி ஒண்ணைப் பாத்ததும் அப்பாடான்னு இருந்தது. கேட்டா அது போயிடும்னு தோணுச்சு."

பக்கத்து மேஜையில் இருந்த கண்ணாடிக்காரர் திரும்பாமலே சொன்னார். "அவருக்கு இங்க பேரே 'மறுபடி' சார்தான். என் சாப்பாட்டு டப்பாவைக் காட்டினாக்கூட மறுபடி சமைன்னு சொல்லுவார்."

தசமம் அவரிடமே போனார். "நீங்க விதை எண் போடணும்னா என்ன போடுவீங்க?"

"ஒண்ணு."

அடுத்த மேஜை: "ஏழு." அதற்கடுத்தது: "ஒண்ணு ரெண்டு மூணு நாலு." ஜன்னலோரம் இருந்த பெண், "கல்யாண நாள். மறந்துட்டா ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாத்துக்கலாம்" என்றாள்.

"நான் பூஜ்யம் போடுவேன்," என்றான் வால். "கணக்குல எனக்கும் அதுக்கும் பழைய சிநேகம்."

"பாத்தியா? யோசிக்காம போடற நம்பர் சின்னதா இருக்கும். இல்லேன்னா சொந்தமா இருக்கும். மூவாயிரத்து நூத்தி எண்பத்தேழு ரெண்டுமே இல்ல."

"வண்டி நம்பரா இருந்தா?"

"போய்ப் பாத்துட்டு வா."

பத்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "இருபத்தி மூணு வண்டி. அதுல ஒண்ணு மூவாயிரத்து நூத்தி எழுபத்தெட்டு. கிட்டத்தட்ட வந்துச்சேன்னு ஓனரைப் பிடிச்சேன். தண்ணி கேன் போடறவர். புயல்னா பிடிக்காதாம்."

தசமம் நாற்காலியை மாணவியின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனசுல தோணினதைப் போட்ட நம்பர் இல்லேன்னா, எண்ணிப் போட்டிருக்கணும். ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு, நாலரைக்குக் கீழ வர்ற வரைக்கும். உன்னால அப்படி ஓட்டிக் காட்ட முடியுமா?"

மாணவியின் கை விசைப்பலகைக்கு மேல் அப்படியே நின்றது.

"முடியும்," என்றாள். "கமிட்டி ஆயிரம் உயரத்தையும் ஒரே பட்டியலாப் போட்டுக் குடுத்திருக்கு. கோப்பைத் திறக்க வேண்டாம். சீக்கிரம் வந்துடும்."

ஐந்து வரி எழுதினாள். ஓட்டினாள். இருமி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

முப்பத்தாறில் ஒன்றுகூடச் சிக்காத முதல் விதை எண்: 2640.

3187-ஐப் போட்டுப் பார்த்தாள். பெரிய புயல்கள் எட்டு உள்ளே வந்தன. அதிகபட்சம் 5.2.

"மேடம்," என்றான் வால் மெதுவாக, "உங்க கணக்கு நனைஞ்சு போச்சு."

தசமம் மணி பார்த்தார். இரண்டு இருபது. அறிக்கையை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டார். முதல் வரிசையே பொருந்தவில்லை. அறிக்கையில் முதல் புயல் 614-ஆவது. திரையில் 87-ஆவது.

"அதே நம்பர் போட்டா அதே தாறுமாறு வரும்னு சொன்னே."

"வரணும்."

"வரலையே."

தசமம் அறிக்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மாணவி, வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்கக் கூச்சப்படுகிறவளைப் போல, "வெர்ஷன்" என்றாள்.

"என்ன?"

"என் லேப்டாப்புல இருக்கிறது புது பைத்தான். பழைய பைத்தான் அதே விதையிலேர்ந்து வேற மாதிரி பொறுக்கும். சர்வர்ல இன்னும் பழசுதான். புரொபசரோட பழைய புரோகிராம் நின்னுடும்னு யாரையும் மாத்த விடமாட்டார்."

அவளே முதலில் எழுந்தாள்.

சிஸ்டம் ரூம் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. மாணவியின் அப்பா கதவைத் திறந்துவிட்டார். ஏசி குளிருக்கு மாட்டி வைத்திருந்த தன் ஸ்வெட்டரை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் மறுக்காமல் போட்டுக்கொண்டாள்.

"நீங்க பாருங்கம்மா. மீட்டிங் ஹால்ல புரொஜெக்டர் எரியலையாம். நான் போயாகணும்."

"உங்க பொண்ணை விசாரிக்கற கூட்டத்துக்கா?" என்றான் வால்.

"வேற யாருக்கும் அதைச் சரிபண்ணத் தெரியாதே தம்பி."

அவர் போனார். மாணவி கறுப்புத் திரையில் அதே ஐந்து வரியை, பழைய பைத்தானுக்குப் புரிகிற மாதிரி திருத்தி அடித்தாள். முதலில் 3187. திரையில் 614, 22, 903, 450 என்று இறங்கியது. தசமம் அறிக்கையில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். வரிசைக்கு வரிசை பொருந்தியது. அடுத்து, ஒன்றிலிருந்து தேடச் சொன்னாள்.

இரண்டு விநாடி. முப்பத்தாறில் ஒன்றுகூடச் சிக்காத முதல் விதை எண்: 3187.

வால் விசிலடிக்க உதட்டைக் குவித்தான். மாணவியின் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைத் திரும்ப வைத்துக்கொண்டான்.

"இது குலுக்கல் இல்ல," என்றார் தசமம். "நல்ல சீட்டு விழற வரைக்கும் மூவாயிரத்து நூத்தி எண்பத்தேழு தடவை கட்டைக் கலைச்சிருக்காங்க. இந்த மெஷின்ல. பிரிண்ட் எடும்மா."

புரொபசரின் அறையில் மூன்று சுவரும் சான்றிதழ். மேஜையில் ஒரு கணினி இருந்தது. அதன் விசைப்பலகை மேல் கட்டுக்கட்டாகத் தீசிஸ்கள் அடுக்கியிருந்தன. அடியில் இருந்த கட்டு பழுப்பேறியிருந்தது.

"உட்காருங்க," என்றார் புரொபசர். மென்மையான குரல். பச்சை மைப் பேனா சட்டைப்பையில் இருந்தது.

தசமம் காகிதத்தை நீட்டினார். அவர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"அழகான கண்டுபிடிப்பு," என்றார். "எங்க பசங்களுக்குத் தோணல."

"தேடினது நீங்களா சார்?"

"நான் கீபோர்டைத் தொட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. சர்வர் பாஸ்வேர்டு கூடத் தெரியாது."

"கதவுலயே ஒட்டியிருக்கு சார்," என்றான் வால்.

"நான் கதவைப் படிக்கறதில்ல. காகிதத்தைத்தான் படிப்பேன்."

"மூணு சீட்டு எழுதியிருக்கீங்க. நாலரை மீட்டர் சுவருக்கு வரைபடம் அப்பவே தயாரா இருந்ததா?"

"அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்." ஜன்னலைப் பார்த்தார். "இருந்தது. ஆனா நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லல. மறுபடி பாருன்னு சொன்னேன். ஆராய்ச்சின்னா அதுதான். நீங்க எந்தக் கமிட்டியில வேணா கேட்டுப் பாருங்க."

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைக் கமிட்டியில வைங்க. வைக்கத்தான் வேணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இதுவரைக்கும் நான் தற்செயல்னு சொல்லித்தான் அந்தப் பொண்ணைக் காப்பாத்தி வெச்சிருந்தேன். கமிட்டியும் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டாங்க. தற்செயல் இல்லேன்னு இப்ப நீங்களே நிரூபிச்சுட்டீங்க. ஸ்கிரிப்ட் அவளோடது. தலைப்புல அவ பேர் இருக்கு."

தாழ்வாரத்துக்கு வந்ததும் வால் சுவரில் சாய்ந்தான்.

"மேடம், நாம யாருக்கு வேலை பாக்கறோம்?"

தசமம் நடந்துகொண்டே இருந்தார். மூன்று இருபத்தைந்து. சிஸ்டம் ரூம் வாசலில் மாணவி நின்றிருந்தாள். "அவர்தானா மேடம்?" என்று கேட்டாள். குரலில் ஆமென்று சொல்லிவிடுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது.

"உன் ஸ்கிரிப்ட் சர்வர்ல ஒரு தடவை ஓட எவ்வளவு நேரம் ஆகும்? கமிட்டி பட்டியல் இல்லாம, அன்னைக்கு ஓடின மாதிரி."

"இருநூறு கோப்பையும் திறந்து படிக்கணும். பழைய மெஷின். ஒரு நிமிஷம் ஆகும்."

"மூவாயிரத்து நூத்தி எண்பத்தேழு நிமிஷம்," என்றார் தசமம். "வால்?"

வால் கண்ணை மூடித் திறந்தான். "அம்பத்தி மூணு மணி நேரம். ரெண்டு நாளும் அஞ்சு மணி நேரமும். பூஜ்யம் வாங்கினவனுக்கு இது பரவாயில்ல."

தசமம் கதவைக் காட்டினார். பாஸ்வேர்டுக்கு மேலே ஒரு பழைய அறிவிப்பு. 'மாலை 6 மணிக்கு எல்லா மெஷின்களும் நிறுத்தப்பட்டு அறை பூட்டப்படும். விதிவிலக்கு இல்லை.'

யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். ஆனால் அந்த மெஷினை ஐம்பத்து மூன்று மணி நேரம் விழித்திருக்க வைக்க ஒருவரால்தான் முடியும்.

மாணவி ஸ்வெட்டரின் கைகளை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம்," என்றாள். "தற்செயல்னே இருக்கட்டும்."

அப்போது தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து அவள் அப்பா வந்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"எரிய வெச்சுட்டேன். பல்பு இல்ல, வயர்தான் லூசு," என்றார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏதாவது கிடைச்சுதாம்மா?"

"ஐயா, இந்த மெஷினை எப்பவாவது ஆறு மணிக்கு நிறுத்தாம விட்டிருக்கீங்களா?"

"ஒரே தடவை." அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி. பாப்பா காய்ச்சல்ல கிடந்தா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் நின்னுது. நானும் இங்கயே தரையில படுத்துக்கிட்டேன். ஏசி நின்னா மெஷின் சூடாயிடும்."

"என்ன போட்டீங்க?"

"பாப்பாவோட ஸ்கிரிப்ட்தான். சார் ஒவ்வொரு தடவையும் வேற விதை போட்டுப் பாருன்னு எழுதி அனுப்புவார். இவ பன்னெண்டு போட்டா, பதிமூணு போட்டா. ஒவ்வொரு தடவையும் அழுதா. காய்ச்சல்ல கூட நம்பரைத்தான் உளறினா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ஃபார் லூப் எனக்கு எழுதத் தெரியும்மா, பேக்கப் எடுக்க எழுதுவேன். சார் மேஜையில நாலரை மீட்டர்னு ஒரு சுவர் வரைபடம் பாத்திருந்தேன். ஒண்ணுலேர்ந்து ஆரம்பி, நாலரைக்குக் கீழ வந்ததும் நில்லுன்னு எழுதினேன். சரியான நம்பர் எங்கயோ ஒரு இடத்துல இருக்கும், சின்னப் பொண்ணு எத்தனை தடவைதான் தேடுவான்னு நினைச்சேன்."

"சரியான நம்பரா?"

"ரேடியோவுல முள்ளைத் திருப்பற மாதிரி. இரைச்சலாவே வரும். ஒரு இடத்துல பாட்டு கேக்கும். அந்த இடம்." அவர் மகளைப் பார்த்துப் புன்னகைத்தார். "மூவாயிரத்துக்கு மேல போயிடுச்சு. திங்கட்கிழமை காலையில பிரிண்ட் எடுத்து சார் ட்ரேயில வெச்சேன். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டார்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே. எதை அழிச்சாங்க, யாரு அழிச்சாங்கன்னுதான் கேட்டாங்க. நான் எதையும் அழிக்கல. ஆயிரம் கோப்பும் அப்படியே இருக்கு. வேணும்னா திறந்து காட்டறேன்."

வால் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவில்லை.

மாணவி அப்பாவின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அப்பா. எந்த நம்பர் போட்டாலும் அஞ்சுக்கு மேலதான் வரணும். நிஜம் அதுதான். நீங்க கண்டுபிடிச்சது, பெரிய புயல் முப்பத்தாறையும் ஒரே நேரத்துல மறைக்கிற நம்பர்."

"மறைக்கிறதா?"

"நீங்க தாண்டிப் போன இரைச்சல் இருக்கே. அதுதான்ப்பா கடல்."

அவர் சிஸ்டம் ரூமுக்குள் பார்த்தார். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கை சாவிக்கொத்தைத் தேடியது. பிடித்தது. சாவிகள் சத்தம் போட்டன.

"அந்த பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர்," என்றார். "என்னை மாதிரி ஆளுதான். ட்யூட்டியில இருந்ததால போகல."



"இந்தக் காகிதம் இல்லேன்னா தற்செயல்னு விட்டுடுவாங்க," என்றாள் மாணவி. தசமத்திடம்தான் சொன்னாள்; கண் அப்பாவின் மேல் இருந்தது. "கிழிச்சுடுங்க மேடம். நீங்க வரவே இல்லைன்னு வெச்சுக்கலாம்."

"நீ என்னைக் கூப்பிடலம்மா. கூப்பிட்டவர்கிட்டதான் குடுப்பேன்."

தசமம் காகிதத்தை அவரிடம் நீட்டினார். கொடுக்கும்போது விரல் ஒரு கணம் விடவில்லை. பிறகு விட்டது.

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, நேராக்கி, கீழே இருந்த எண்ணை மட்டும் படித்தார்.

"பாப்பா பண்ணலைன்னு நிரூபிக்கச் சொன்னேன்," என்றார். "நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப நன்றிம்மா."

மகள் சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, மீட்டிங் ஹாலை நோக்கி நடந்தார். அப்போது மூன்று ஐம்பத்திரண்டு.

கூட்டம் நாற்பது நிமிடம்கூட நடக்கவில்லை. நடுவில் தலைவி; நரைத்த முடியும் களைத்த கண்களும். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில், அழைப்பின் பேரில், புரொபசர். சரிசெய்த புரொஜெக்டரின் நீல வெளிச்சம் வெறும் திரையில் விழுந்துகொண்டிருந்தது. மாணவியின் அப்பா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஃபார் லூப்பைக்கூடச் சொன்னார். குமாஸ்தா தட்டச்சு செய்தார். தசமம் விதை எண்ணை விளக்கினார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுலபமாக முடிந்துவிட்ட நிம்மதி அந்தப் பார்வையில் தெரிந்தது.

"மாணவி மேல தப்பு இல்ல," என்றார் தலைவி. "பட்டத்துக்குத் தடை இல்ல. ஆபரேட்டரோட வாக்குமூலத்தைக் கையெழுத்து வாங்கி போலீசுக்கு அனுப்பிடலாம்."

குமாஸ்தா ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து வைத்தார். அப்பா பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள் மாணவி.

அதுவரை சுவரோரமாக, தசமத்துக்கும் வாலுக்கும் நடுவில் நின்றிருந்தாள். மேஜைக்கு வந்து, குனிந்து படித்தாள். கடைசி வரியில் விரல் வைத்தாள். 'மேற்கண்ட செயலை வேறு எவருடைய தூண்டுதலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் செய்தேன்.'

"இதை அப்பா சொல்லலையே."

"அது எல்லா வாக்குமூலத்துலயும் இருக்கிற வரிம்மா," என்றார் குமாஸ்தா. "ஃபார்மட்."

"பாப்பா, விடு," என்றார் அப்பா.

புரொபசர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். குரல் அதே மென்மை. "உன் தீசிஸ் என் மேஜையிலதான் இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போடறதா இருக்கேன். இன்னைக்கு உணர்ச்சிவசப்பட வேண்டாம்."

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. எல்லோருக்கும் புரிந்தது. தலைவி தன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாப்பா," அப்பாவின் குரல் உடைந்தது. "உன் டிகிரிக்காகத்தானே நான் வந்தேன். அதையும் போக்கிடாதே."

"தெரியும்ப்பா."

அவள் அவர் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். 'வேறு எவருடைய தூண்டுதலும் இன்றி' என்ற சொற்களின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். நேரான, மெல்லிய கோடு. பிறகு பையிலிருந்து மூன்று பச்சை மைச் சீட்டுகளை எடுத்து, பக்கத்தின் மேல் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினாள்.

வால் தசமத்தின் காதருகே, "நாம காப்பாத்தின டிகிரி போச்சு மேடம்" என்றான். தசமம் தலையை மட்டும் ஆட்டினார்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளைப் படித்தார். முதல் சீட்டு, இரண்டாவது, மூன்றாவது. மூன்றையும் அவசரமில்லாமல் படித்தார்.

"கோடு மட்டும் போட்டாப் பத்தாதும்மா," என்றார். "தூண்டினது யாருன்னு எழுதணும்."

"பேர் எழுதணுமா, பதவி எழுதணுமா?"

"ரெண்டும்."

அவள் எழுத ஆரம்பித்தாள். பட்டங்களோடு சேர்த்து எழுதியபோது அந்தப் பெயர் இரண்டு வரி பிடித்தது.